மணல் மூட்டை செய்த பாவம்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். ஆறரைக்கு வந்தவர்கள் தங்கள் தூக்கத்தைத் தாங்களே திட்டிக்கொண்டு வால் பக்கம் போய் நிற்பார்கள். பேருந்துக்கு இரண்டு பேர் நின்றால் அதில் மூன்று பேர் முந்தப் பார்க்கும் ஊர் அது. ஆனால் நடைஞானியைப் பார்க்க மட்டும் முந்நூறு பேர் முணுமுணுப்பில்லாமல் நின்றார்கள். ஊருக்குப் பண்பாடு வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். முண்டியடித்தால் பாரம் கூடும் என்று ஞானி சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

பாரம் என்றால் என்ன? நீங்கள் செய்த பிழை, உங்கள் அப்பா செய்த பிழை, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள்மேல் வைத்த கண், நீங்கள் விழுங்கிய மாத்திரை எல்லாம் சேர்ந்து உடம்பு வழியாக இறங்கிப் பாதத்தில் போய்த் தங்குமாம். அதுதான் பாரம். எடை பார்க்கும் கருவிக்கு அது தெரியாது. எக்ஸ்ரேக்கும் தெரியாது. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஞானியின் மேடையில் ஓடுகிற பெல்ட்டுக்கு மட்டும் தெரியும். பாரம் உள்ளவர் ஏறினால் அது தளர்ந்து நின்றுவிடும். பாரம் இல்லாதவர் ஏறினால் பறக்கும்.

அந்தப் பெல்ட் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஆசை ஆசையாய் வாங்கி, ஒரு வாரம் நடந்து, இரண்டாவது வாரத்திலிருந்து ஈரத்துண்டு காயப்போடுகிறோமே, அதே ட்ரெட்மில்தான். ஞானி அதன் தலையில் ஊதா நிறப் பட்டுத்துணி ஒன்றைப் போட்டு எண்கள் தெரியும் இடத்தை மூடியிருந்தார். எதிரே ஒரு நாற்காலி. அதில் தரையைத் தொடும் வெள்ளை அங்கியோடு அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நாலு வருடத்துக்கு முன் இதே மனிதர் இதே மாதிரி ட்ரெட்மில்களை முதுகில் சுமந்து, மூன்று மாடி ஏறி, வீடு வீடாகப் பொருத்திக் கொடுத்தவர். அப்போது அவருக்கு ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. இப்போது அவர் குடித்து வைத்த மிச்சத் தண்ணீருக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்.

பாரம் இறங்க வழியும் அவரிடமே இருந்தது. பாதத்தைலம். சிறிய பாட்டில், ஊதா மூடி. காலையும் மாலையும் உள்ளங்காலில் தடவ வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் மாத்திரை கீழே இறங்கிப் பாதத்தில் கல்லாய் உட்கார்ந்துகொள்ளும். தைலம் தடவிக்கொண்டு வாரா வாரம் வந்து பெல்ட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் பெல்ட் நகராது. மூன்றாவது வாரம் ஊரும். ஆறாவது வாரம் நடக்கும். பாட்டில் வாங்குவதை விட்டவர்களுக்கு மட்டும் ஏனோ மறுபடி நின்றுபோகும். விஞ்ஞானத்தில் இதற்கு விளக்கம் இல்லை என்று சொன்னவர் வரிசையை ஒழுங்குபடுத்தும் தலைமையாசிரியர். முப்பத்துநாலு வருடம் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

இந்தக் கூத்து நடந்த மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே சுவரைப் பங்கு போட்ட இரண்டு சின்னக் கடைகள் இருந்தன. வலப்பக்கம் தையல்காரர். இடப்பக்கம் அவர் மனைவி. மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, துணி துவைக்கும் மிஷின் என்று எந்த மோட்டார் எரிந்தாலும் செம்புக் கம்பியால் புதுக் காயில் கட்டிச் சரிசெய்து தருவாள். அதனால் வீதியே அவளை மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. காயில் கட்டி முடித்ததும் மோட்டார் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே கொடுத்துவிட மாட்டாள். அதன் தண்டில் கயிற்றைச் சுற்றி, ஒரு மணல் மூட்டையைக் கட்டி இழுக்க விட்டுப் பார்ப்பாள். "சும்மா சுத்தறப்ப எல்லா மோட்டாரும் நல்ல பிள்ளைதான். சுமை ஏத்தினாதான் வண்டவாளம் தெரியும்" என்பாள். எத்தனை அவசரக்காரர் வந்து கடை வாசலில் குதித்தாலும் மூட்டை கட்டாமல் மோட்டார் வெளியே போகாது.

மோட்டாரிடம் இவ்வளவு கறாராக இருப்பவளுக்குப் புருஷனிடம் ஒன்றும் செய்ய முடியவில்லை. தையல்காரருக்கு ஐந்து வருடமாக ரத்த அழுத்தம். தினம் ஒரு மாத்திரை. அதை நிறுத்தி நாற்பது நாள் ஆகிவிட்டது.

"மாத்திரை போட்டீங்களா?"

"பாரம் முக்கால்வாசி இறங்கியிருக்கு. இப்பப் போய் மாத்திரையைப் போட்டு மறுபடி ஏத்திக்கச் சொல்றியா?"

"நேத்து ஒருத்தர் கால்சட்டை மேல இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டு அப்படியே நின்னீங்க. பொகை வந்து நான் ஓடி வந்தேன்."

"தலை சுத்துச்சு. பாரம் இறங்கறப்ப அப்படித்தான் சுத்துமாம். ஞானி சொன்னார்."

"பாரம் இறங்கலைன்னா?"

"அப்பவும் சுத்துமாம். அது ஏறிட்டிருக்குன்னு அர்த்தம்."

இப்படிப்பட்ட ஞானத்தோடு யார் வாதாடி ஜெயிப்பது? எப்படிப் போட்டாலும் ஞானி பக்கமே விழுகிற காசு அது.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. இறக்கிவிட்டு மறுபடி அடித்துப் பார்த்தாள்.

"நூத்தித் தொண்ணூறு. கீழ நூத்திப் பத்து. அண்ணா, இந்த அளவுல நீங்க மாடிப்படி ஏறுறதுக்கே யோசிக்கணும். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

தையல்காரர் கையை உருவிக்கொண்டார். "உங்க மிஷின் பழசும்மா" என்றார். கையில் கட்டுகிற கருவிமேல் அவருக்கு நம்பிக்கையில்லை. காலுக்குக் கீழே ஓடுகிற கருவிமேல் உயிரையே வைத்திருந்தார்.

உயிரையே வைத்திருந்தார் என்பது வாய் வார்த்தையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு ஓட்டம் என்று ஞானி அறிவித்திருந்தார். பாரம் முழுவதும் இறங்கியவரை ஊர் பார்க்கப் பெல்ட்டில் ஏற்றி உச்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவதுதான் முழு ஓட்டம். இதுவரை யாருக்கும் கிடைக்காத பெருமை. அதற்கென்று தையல்காரர் தனக்குத் தானே ஒரு வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

மோட்டார் அக்கா பயந்துபோனாள். பக்கத்துக் கடையில் தையல் மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றாலே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பயம். அழுது தடுக்கலாமா என்றால், பெண்டாட்டி கண்ணீரும் பாரம் என்று சொல்லி ஞானி அதற்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிடுவார். வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா என்றால், இந்த ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு வரும். வியாழக்கிழமை காலை கடையைச் சாத்திவிட்டு அவளும் போய் வரிசையில் நின்றாள்.

உள்ளே போனதும் எல்லாரும் ஞானியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பெல்ட்டைப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது, அதில் ஒரு சிவப்புக் கயிறு இல்லாததுதான். ட்ரெட்மில்லோடு அப்படி ஒரு கயிறு வரும். ஒரு முனையில் காந்தச் சாவி, மறு முனையில் கிளிப். கிளிப்பை நடப்பவர் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தடுக்கி விழுந்தால் கயிறு இழுபட்டுச் சாவி கழன்று மோட்டார் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓடுகிறவர் உயிருக்குக் காவலே அந்தக் கயிறுதான். ஞானி கயிற்றை அறுத்து எடுத்துவிட்டு, சாவியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். அறுத்த கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்தார். வந்தவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தையல்காரர் விழுந்தால் இந்த மிஷின் நிற்காது என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்து அவள் காது விழித்துக்கொண்டது. பருத்த உடம்புக்காரர் ஒருவர் ஏறினார். மோட்டார் லேசாக முனகியது, பிறகு சமாளித்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடியது. அதில் தவறில்லை. ஞானி கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். உடனே பெல்ட் தளர்ந்தது. இந்த முறை முனகலே இல்லை. சுமை தாங்காமல் ஒரு மோட்டார் தளர்வதற்கும், மேலே கொடுக்கிற கரண்ட்டை யாரோ குறைத்துத் தளர்வதற்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. இருபது வருடமாக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா?

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புருஷனை எதிரே உட்கார வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. அந்த மிஷினுக்குள்ள மோட்டாருக்கு முன்னாடி ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். கரண்ட்டை மோட்டாருக்கு நேரா விடாது. ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்கான தடவ விடும், நிறுத்தும், விடும், நிறுத்தும். விடற நேரம் கூடினா வேகம் கூடும், குறைஞ்சா குறையும். ஊஞ்சலைத் தட்டித் தட்டி விடற மாதிரிதான். புரியுதா?"

"ம்."

"சுத்தற உருளையில ஒரு சின்னக் காந்தம் இருக்கும். ஒரு சுத்துக்கு ஒரு தடவ அது ஒரு சென்சாரைத் தாண்டிப் போகும். போர்டு அதை எண்ணிட்டே இருக்கும். குண்டா ஒருத்தர் ஏறினா பெல்ட் இழுபடும், எண்ணிக்கை குறையும். உடனே போர்டு கரண்ட்டைக் கூட்டி, குறைஞ்ச வேகத்தைச் சரி பண்ணிடும். ஒல்லியோ குண்டோ, நல்லவனோ கெட்டவனோ, எல்லாருக்கும் ஒரே வேகம் கொடுக்கணும்னுதான் அதைச் செஞ்சே வச்சிருக்காங்க. ஆளுக்கு ஆள் வேகம் மாறுதுன்னா யாரோ மாத்தறாங்கன்னு அர்த்தம்."

யோசித்துப் பாருங்கள். அந்த மண்டபத்தில் மனிதருக்கு மனிதர் பேதம் பார்க்காத ஒரே ஜீவன் அந்த மிஷின்தான். ஆளைத் தரம் பிரிக்கிற வேலையைக் கடைசியில் அதன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்!

தையல்காரர் கையைக் கழுவினார். "உனக்கு எதைப் பார்த்தாலும் மோட்டார்தான். மனுஷனைப் பார்த்தாக்கூட காயில் எரிஞ்சிருக்கான்னுதான் பார்ப்ப. முப்பது வருஷமா மிஷின்ல உக்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாத மிஷினா?" என்று சொல்லிவிட்டுப் போய் வெள்ளைக் கால்சட்டைக்குப் பொத்தான் வைக்க ஆரம்பித்தார்.

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும் அவள் தன் தொழில் முறைக்கே வந்துவிட்டாள். எதையும் சுமை ஏற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை தலைமையாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், ஞானி ஆளோட முகத்தைப் பார்த்துத்தான் பெல்ட்டை ஓட்டறார்னு ஊர்ல பேசிக்கறாங்க."

"எவன் அப்படிப் பேசறது?"

"நான்தான் சார்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவப்படாதீங்க சார். பாரம் பார்க்கிறது பெல்ட்தானே? ஞானியோட கண்ணு இல்லையே? நாளைக்கு அவர் நாற்காலியைச் சுத்தி ஒரு திரை கட்டிடுவோம். அவர் யாரையும் பார்க்க வேண்டாம். நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, 'அடுத்தது'ன்னு மட்டும் சொல்லுங்க. எதை ஏத்தறதுங்கறதை நான் பார்த்துக்கறேன். பெல்ட் சரியாச் சொல்லிட்டா, கடையை மூடிட்டு நானும் உங்க வரிசையில வந்து நிக்கறேன்."

தலைமையாசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பரிசோதனை! இதைத்தான் அம்மா நான் முப்பத்துநாலு வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்!" என்றார். சொல்லிக் கொடுத்தாரே தவிர ஒருநாளும் செய்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஞாயிறு காலை மண்டபத்தில் எள் போட்டால் கீழே விழாது. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, இன்று ஞானி திரைக்குள் அமர்ந்து பாரம் காணப்போகிறார், சந்தேகக்காரர்கள் வாயை அடைக்கப்போகிறார் என்று முழங்கினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஞானி முகத்தில் ஒரு கணம் ஈயாடவில்லை. ஆனால் முந்நூறு பேர் எதிரில் வேண்டாமென்று எப்படிச் சொல்வார்? அன்றைய வரிசைப் பட்டியல் வேறு அவர் மடியிலேயே இருந்தது. முதலில் வங்கி அதிகாரி அம்மாள், இரண்டாவது தையல்காரர். அது போதாதா? "கட்டுங்கள், கண்ணால் காண்பதா ஞானம்?" என்று சிரித்தார். நாலு பக்கமும் கயிறு இழுத்து, தையல்காரர் கடையிலிருந்த கறுப்பு லைனிங் துணியை மாட்டினார்கள். நாற்காலியும் ஞானியும் உள்ளே போய்விட்டார்கள். பெல்ட்டும் கூட்டமும் வெளியே.

"அடுத்தது" என்றார் தலைமையாசிரியர்.

வங்கி அதிகாரி அம்மாள் ஓர் அடி எடுத்து வைத்தாள். மோட்டார் அக்கா அவளைக் கையமர்த்தினாள். தன் கடையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்த மணல் மூட்டையைத் தூக்கிப் பெல்ட்டின்மேல் தொப்பென்று வைத்தாள். பெல்ட்டோடு போய்ப் பின்னால் விழாதபடி அதன் கழுத்தில் கயிறு போட்டு முன் கம்பியில் கட்டினாள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. பெல்ட் மூட்டைக்கு அடியில் கொஞ்ச தூரம் உரசிக்கொண்டு ஓடியது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது.

திரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"மகளே, பெல்ட் அழுகிறது பார். மாமியார் மனசைக் கலங்கவச்சிருக்க. இல்லேன்னு சொல்லாதே. ராத்திரி தூக்கம் வரலன்னு மாத்திரை போடற. அதை இன்னிக்கே விட்டுடு. இது மூணு தலைமுறைப் பாரம். மூணு பாட்டில் தடவணும்."

மூன்று தலைமுறைக்கு முன்னால் அந்த மணல் ஏதோ ஓர் ஆற்றில் கிடந்திருக்கும். அங்கே எந்த மாமியாரை அழவைத்ததோ தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வங்கி அதிகாரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "போன வாரம் நான் அழுதுகிட்டே எங்கதையைச் சொன்னேன். அதை அப்படியே மூட்டைகிட்ட ஒப்பிக்கிறானே" என்று அடிக்குரலில் சொல்லிப் பல்லைக் கடித்தாள். தலைமையாசிரியர் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தது" என்றார்.

கயிற்றை அவிழ்த்து மூட்டையை இறக்கினார்கள். வெள்ளைக் கால்சட்டையோடு தையல்காரர் நகர்ந்தார். மூட்டைக்கு மாமியார் வந்த பிறகும்கூட நகர்ந்தார். ஆசை யாரை விட்டது? மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்.

"ஒரே ஒரு நிமிஷம். முதல்ல பார்ப்போம். அப்புறம் நீங்க ஏறுங்க, நான் தடுக்கல."

அவர் நின்றார். பெல்ட்டில் யாரும் ஏறவில்லை. ஓர் ஈகூட இல்லை. திரைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. பெல்ட் ஓட ஆரம்பித்தது.

"வாங்க தையல்காரரே!" ஞானியின் குரல் தேனாய் வழிந்தது. "ஆஹா, பாதம் படறதே தெரியலையே! காத்து மாதிரி இருக்கீங்க! எல்லாரும் பாருங்க, பாரம் போன உடம்பைப் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். பெல்ட் வேகமெடுத்தது. மோட்டாரின் ரீங்காரம் ஏறி ஏறி ஊளையாக மாறியது. மேடை அதிர்ந்ததில் ஊதாத் துணி வழுக்கிக் கீழே விழுந்தது. எண்கள் பன்னிரண்டைத் தாண்டி, பதினாலைத் தாண்டி, மணிக்குப் பதினாறு கிலோமீட்டரில் வந்து நின்றன. வாலிபப் பயல்களுக்கே மூச்சு முட்டுகிற வேகம் அது. கறுப்புப் பெல்ட் பளபளவென்று தெரிந்தது, அதில் என்ன எழுதியிருந்தாலும் படிக்க முடியாது.

"ஓடுங்க! விடாதீங்க!" உள்ளேயிருந்து ஞானி கத்தினார். "மூச்சு வாங்குதா? வாங்கட்டும், பாரம் வெளியே போகுது! கண்ணு இருட்டுதா? இருட்டட்டும்! நெஞ்சைப் பிடிக்குதா? பிடிக்கட்டும், நிக்காதீங்க! நின்னா எல்லாம் திரும்பி வந்துடும்!"

மண்டபத்தில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரர் ஆளில்லாமல் ஓடும் பெல்ட்டைப் பார்த்தார். அவர் அதன்மேல் இருக்க வேண்டிய ஆள். இந்நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேல்தான் இருந்திருப்பார், நிற்காதே என்ற குரலைக் கேட்டு நிற்காமலும் இருந்திருப்பார்.  மனைவி பிடித்திருந்த கையை அவர் விடுவித்துக்கொண்டார். நேரே போய்த் தன் கடைத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தார்.

ஞானி கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, வலது காலை அழுத்திக்கொண்டிருந்தார். தையல்காரர் குனிந்தார். எத்தனையோ பேருக்குக் கால்சட்டை நீளம் பார்த்த கை, அங்கியின் ஓரத்தைப் பிடித்து முழங்கால்வரை தூக்கியது. பாதத்துக்குக் கீழே ஒரு பெடல் இருந்தது. கரண்ட்டில் ஓடும் தையல் மிஷினுக்கு வருகிற பெடல். அதிலிருந்து ஒரு வயர் விரிப்புக்கு அடியில் புகுந்து மிஷினுக்குப் போயிருந்தது. மிதித்தால் போர்டு கரண்ட்டைக் கூட்டும், காலை எடுத்தால் குறைக்கும். இவ்வளவுதான் ஊருக்கே பாரம் சொன்ன ஞானம்.

மோட்டார் அக்கா போய் பிளக்கைப் பிடுங்கினாள். ஊளை அடங்கியது.

"முப்பது வருஷம் என் காலு இது மேலதான் இருந்துச்சு" என்றார் தையல்காரர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஞானி அசரவில்லை. எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டார். "மிதிப்பது என் கால்தான், மறைக்கவில்லை. ஆனால் எப்போது மிதிக்க வேண்டும் என்று காலுக்குச் சொல்வது யார்?" என்று வானத்தைக் காட்டினார்.

கூட்டத்தில் நாலு தலைகள் ஆடின. ஆமாம், ஆடத்தான் செய்தன. "அதானே, அவர் காலு சும்மா மிதிக்குமா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"சரிங்க" என்றாள் மோட்டார் அக்கா. "மூட்டைக்கு எந்த ஊர்ல மாமியார்னும் அந்தக் காலையே கேட்டுச் சொல்லுங்க. போய்ச் சமாதானம் பண்ணிட்டு வர்றோம்."

அப்போது எழுந்த சிரிப்புதான் ஞானியை முடித்தது. பெடலைப் பார்த்தபோதுகூட வாடாத முகம் சிரிப்பைக் கேட்டதும் வாடிப்போனது. வங்கி அதிகாரி அம்மாள் மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை இழுத்தாள். அதிலிருந்துதான் சின்னப் பாட்டில்களுக்குத் தைலம் ஊற்றப்பட்டிருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவில் ஒட்டியிருந்ததை உரக்கப் படித்தார். "ட்ரெட்மில் பெல்ட்டுக்கு அடியில் இடும் எண்ணெய். உராய்வைக் குறைக்கும். தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும்." படித்து முடித்துத் தன் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் இரண்டு மாதமாகத் தடவி வருகிறார். குளியலறையில் மூன்று தடவை வழுக்கி விழுந்ததற்குக் காரணம் பாரம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்.

யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். ஞானி நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை. மோட்டார் அக்காதான் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.  

தையல்காரர் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி விழுங்கினார். அவ்வளவு நேரம் கல்லாக நின்றவள் அப்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"என்னைத் திட்டேன்" என்றார் அவர்.

"முதல்ல கிளினிக்குக்கு நடங்க. பிரஷர் இறங்கட்டும். அப்புறம் உக்கார வச்சுத் திட்டறேன்."

இருவரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். கூட்டம் வழி விட்டது. வழி விட்டவர்களில் ஒரு பெரிய மனிதர், நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம், அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மோட்டார் அக்கா, அவன் ஃபிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா மிஷின் நல்ல மிஷின்தானே? பெடலைக் கழட்டிட்டு நீங்களே ஒரு தடவ ஓட்டுங்களேன். ஏறிப் பார்த்துடறேன். எனக்குப் பாரம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக.

மோட்டார் அக்கா அந்த வரிசையை ஒருமுறை தலையிலிருந்து வால்வரை பார்த்தாள்.

"அந்த மோட்டாருக்கு மூளை கிடையாதுங்க. எவனோ மிதிச்சான், ஓடுச்சு. காலை எடுத்தான், நின்னுச்சு. அதுமேல ஒரு தப்பும் சொல்ல முடியாது" என்றாள். "உங்களுக்கு என்ன சாக்கு?"